துறைகளை இணைப்பது எது: கூட்டமா, மென்பொருளா, இரட்டைத் தலைமையா, இணைப்பாளரா?

ஒரு டிராயிங். அதன் மூலையில் ‘திருத்தம் சி’ என்று இருக்கிறது. பர்சேஸ் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் போட்டது. சரக்கு வந்து இறங்கியதும் குவாலிட்டி அதற்கு அடுத்து வந்த ‘திருத்தம் டி’யை வைத்து அளந்து பார்த்து, ‘ஏற்க முடியாது’ என்ற சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டது. டிசைனில் கேட்டால், “மாற்றின அன்றைக்கே மெயில் போட்டோமே” என்றார்கள். போட்டிருந்தார்கள்தான், 31 பேருக்கு சிசி வைத்து. பிளானிங்கில் இருந்த நான் அந்த மெயிலைத் தேடி எடுத்துப் படித்தபோது, உற்பத்தி லைன் நின்று நான்கு நாள் ஆகியிருந்தது.

மூன்று துறையும் தத்தம் வேலையில் பிழை செய்யவில்லை. துறைக்கும் துறைக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குத்தான் ஆள் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கப் பெரிய நிறுவனங்கள் வழக்கமாக எடுக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது வாராந்திரக் கூட்டம். செலவில்லை, நாளைக்கே தொடங்கலாம். ஆனால் ஆறு துறைகள் இருந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய ஜோடிகள் 15. பன்னிரண்டு துறைகள் ஆனால் 66. அத்தனையையும் ஒரே மேசையில் வைத்தால், இரண்டு பேருக்கான விஷயத்தைப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் வராமல் தன் கீழுள்ளவரை அனுப்பிவிட்டால், “மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்பதோடு அந்த வாரம் முடிந்துபோகும். மினிட்ஸில் ஒரே வரி ஏழு வாரமாக ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேதிகளை ஒத்துப்பார்க்கக் கூட்டம் போதும். சிக்கலை அவிழ்க்கப் போதாது.

அடுத்தது மென்பொருள். எல்லாத் துறையும் ஒரே தரவைப் பார்த்தால் தகராறே வராது என்ற நம்பிக்கை. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை ஏர்பஸ் ஏ380 விமானம் காட்டியது. அந்த விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளின் நீளம் சுமார் 530 கிலோமீட்டர். ஜெர்மனியின் ஹாம்பர்கில் கம்பிகளைப் பொருத்தி அனுப்பிய உடற்பகுதிகளை பிரான்ஸின் துலூஸில் இணைக்கப் போனால், கம்பிகள் எட்டவில்லை. ஹாம்பர்க் வடிவமைப்பாளர்கள் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், துலூஸ்காரர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்திருந்தார்கள். 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் ஏர்பஸின் தாய் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் சரிந்தது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில்தான்.

இதைக் கேட்டவர்கள் பலரும், “ஒரே பதிப்பை வாங்கிக் கொடுத்திருந்தால் போதுமே” என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு ஊரும் வேறு வேறு பதிப்பில் வேலை செய்வது அங்கே யாருக்கும் தெரியாத ரகசியமா? தெரிந்தும், ‘இதை நிறுத்துங்கள்’ என்று இரு பக்கத்துக்கும் சொல்லி நிறைவேற்றும் இடத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஆளின் வேலையை மென்பொருள் செய்யாது.

இரட்டைத் தலைமையைப் பற்றி, அதாவது மேட்ரிக்ஸைப் பற்றி, நான் அதிகம் சொல்வதற்கில்லை. 1988இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான ஏபிபி என்ற மின்பொறியியல் நிறுவனத்தில், அதன் தலைவர் பெர்சி பார்னவிக் இதைப் பெரிய அளவில் நடத்தினார். உள்ளூர் நிறுவனத் தலைவர் தன் நாட்டு மேலாளருக்கும் பதில் சொல்ல வேண்டும், தன் தொழில்பிரிவு மேலாளருக்கும் பதில் சொல்ல வேண்டும். பார்னவிக்குக்குப் பின் வந்த யோரான் லிண்டால் 1998இல் அந்த அமைப்பைக் கலைத்தார். இரண்டு முதலாளிகளும் ஒத்துப்போகும்வரை நன்றாக ஓடும். ஒத்துப்போகாத அன்று, சண்டை முழுவதும் கீழே இருப்பவர் தலையில் விடியும்.

ஒரே அறையில் உட்கார வைப்பது இதைவிட நேர்மையான வழி. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களின் பேச்சை அளந்து பார்த்தார். இருக்கைகளுக்கு நடுவே சில பத்து மீட்டர் தூரம் வந்தாலே, பேசிக்கொள்வது மளமளவெனக் குறைந்துவிடுகிறது. முதல் ப்ரியஸ் காரை உருவாக்கியபோது டொயோட்டாவின் தகேஷி உச்சியமாடா ‘ஒபேயா’ என்ற பெரிய அறை முறையைக் கொண்டுவந்தார். பல துறைப் பொறியாளர்கள் அங்கே கூடி, சுவரில் மாட்டிய திட்டத்தைப் பார்த்துப் பேசி, அங்கேயே முடிவெடுப்பார்கள். கார் 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. புதிய பொருளை உருவாக்கும்போது இதற்கு ஈடு இல்லை. ஆனால் அன்றாட வேலைக்காக வருடக்கணக்கில் இப்படி உட்கார வைத்தால், துறையின் ஆழமான அறிவு கரையத் தொடங்கும். டிசைனர் இன்னொரு டிசைனரிடம் கற்க வேண்டியதை யாரிடம் கற்பார்?

இன்னொன்றும் அங்கே உண்டு. டொயோட்டாவில் ஒரு காரின் பொறுப்பை ஏற்கும் தலைமைப் பொறியாளருக்கு எஞ்சின் துறைக்காரர்கள் மீதோ பாடித் துறைக்காரர்கள் மீதோ நேரடி அதிகாரம் கிடையாது. அறிவாலும் வாதத்தாலும்தான் இணங்க வைக்க வேண்டும். என் தேர்வும் இதுதான்: இப்படித் துறைகளுக்கு நடுவே நின்று இணங்க வைக்கும் இணைப்பாளர்.

ஹார்வர்டைச் சேர்ந்த பால் லாரன்ஸும் ஜே லார்ஷும் 1967இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. மாறிக்கொண்டே இருக்கும் தொழில்களில், நன்றாகச் செயல்பட்ட நிறுவனங்களின் துறைகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் தனித்து நின்றது. கூடவே இணைப்பும் வலுவாக இருந்தது. அங்கே இருந்த இணைப்பாளர்கள் எந்தத் துறைப் பக்கமும் சாயாமல் நடுவில் நின்றார்கள். பதவியைவிட, விஷயம் தெரிந்தவர்கள் என்ற மதிப்பே அவர்கள் சொல்லை எடுபட வைத்தது.

ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுவிடக் கூடாது. பர்சேஸை விலைக்குறைப்பாலும், புரொடக்‌ஷனை எண்ணிக்கையாலும், குவாலிட்டியைப் பிடித்த குறைகளாலும் அளந்துகொண்டே இருந்தால், இணைப்பாளர் வெறும் தபால்காரர் ஆகிவிடுவார். சரக்கு சரியாக, சொன்ன நாளில் வாடிக்கையாளரைச் சேர்ந்ததா என்ற ஒரே எண்ணில் மூவரின் இன்சென்டிவிலும் ஒரு பங்கு இருக்க வேண்டும். நிர்வாகங்கள் தள்ளிப்போடுவது இதைத்தான். துறைத் தலைவர்களின் கணக்கில் கை வைக்க வேண்டியிருக்குமே.

எங்கள் இடத்தில் அந்த டிராயிங் விவகாரத்துக்குப் பிறகு, டிசைனில் ஆறு வருடம் இருந்து குவாலிட்டிக்கு வந்த ஒருவரைப் பர்சேஸ் பகுதியில் உட்கார வைத்தார்கள். திருத்தம் மாறிய எந்த டிராயிங்கும் அவர் கையெழுத்து இல்லாமல் ஆர்டர் ஆகாது. முதல் மாதம், “இவர் யார் நடுவில்?” என்று முணுமுணுத்தார்கள். மூன்றாம் மாதம், சிவப்புச் சீட்டு ஒட்டுவதற்கு முன் குவாலிட்டிக்காரர்களே அவரை அழைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர் இரண்டு வாரம் விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது மேசை மேல் 19 டிராயிங்குகள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. அடுத்த வாரமே அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள்.