எல்ஜி 24ஜிஎஸ்60எஃப்: பட்ஜெட்டுக்குள் ஒரு கேமிங் மானிட்டர்

குறைந்த விலையில் கேமிங் மானிட்டர் தேடுபவர்கள் 27 இன்ச் 1080பி (1920x1080 பிக்சல்) பக்கம் போகவே வேண்டாம். இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும்; எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். இந்த 23.8 இன்ச்சில் அதே 1080பி 92-க்கு மேல் வருகிறது. ஐபிஎஸ் வகைத் திரை (பேனல்), 180 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 180 முறை படம் புதுப்பிக்கும்.

விஏ என்பது இன்னொரு வகைத் திரை. மலிவான விஏ பேனல்களில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் இருட்டுக் காட்சியில் ஆள் ஓடினால் பின்னாலேயே கரும்புகை மாதிரி இழுபடும். வேலோரண்ட் மாதிரி வேகமான துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுபவர்களுக்கு ஐபிஎஸ்தான் சரி. விளக்கணைத்த அறையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், அவ்வளவுதான்.

மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 180 வையுங்கள். அந்த எண்ணே வரவில்லையா? டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மானிட்டர் மெனுவில் ரெஸ்பான்ஸ் டைமை (பிக்சல் நிறம் மாறும் வேகம்) 'ஃபாஸ்ட்'டோடு நிறுத்துவது நல்லது. 'ஃபாஸ்டர்' வரை ஏற்றினால் நகரும் பொருளின் ஓரத்தில் வெளிறிய நிழல் விழும்.

பெட்டியில் எச்டிஆர்10 (வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி) என்று இருப்பதற்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். 300 நிட்ஸ் வெளிச்சத்தில் அதனால் பெரிய பலன் இல்லை. ஸ்டாண்டு முன்பின் சாயும், உயரம் ஏறாது. ஸ்பீக்கரும் கிடையாது, ஹெட்ஃபோனுக்குத் துளை உண்டு.