சென்னையில் இறங்கி ஊர் விமானம் பிடிப்பது: டிக்கெட் தனித்தனி என்றால் எவ்வளவு நேரம் விட வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து மதுரை, திருச்சி, தூத்துக்குடி பக்கம் போகிறவர்கள் சென்னை வரை ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து ஊருக்கு வேறொரு நிறுவனத்திலும் டிக்கெட் எடுப்பது இப்போது சர்வ சாதாரணம். சென்னை வரை சலுகை விலையில் கிடைத்துவிடும். ஊர் டிக்கெட்டைத் தம்பியோ மச்சானோ போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறதே, போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெட்டி போட்டு வருகிறவருக்குப் போதாது.

முதலில் கையில் இருப்பது ஒரு டிக்கெட்டா, இரண்டா என்று பாருங்கள். இரண்டு நிறுவனங்கள் ஒரே டிக்கெட்டில் வருவதும் உண்டு. இ-டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும். 098 என்றால் ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். சென்னை வரையும் ஊர் வரையும் அதே எண்ணின் கீழ் வந்தால், முதல் விமானம் தாமதமானாலும் உங்களை ஊர் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. மலிவு டிக்கெட் தேடித் தரும் இணையதளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளைத் தங்கள் ஒரே பதிவு எண்ணில் கட்டிக் கொடுப்பார்கள். பார்க்க ஒன்று போலத் தெரியும், ஆனால் அது ஒன்றில்லை. ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால் மாறுகிற பாடு முழுக்க உங்களுடையது.

இந்தியாவின் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ அமைப்பின் விதியும் இப்படித்தான் போகிறது. விமானம் ரத்தாகி அதனால் அடுத்த விமானம் தவறினால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அடுத்த விமானமும் அதே டிக்கெட் எண்ணில் இருக்க வேண்டும். தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, ‘நோ ஷோ’. அதே பதிவில் திரும்பி வரும் டிக்கெட்டும் இருந்தால், போகும் பயணம் தவறியதும் அதையும் ரத்து செய்துவிடும் நிறுவனங்கள் உண்டு. உள்நாட்டு விமானத்துக்குப் போக ஒரு பதிவு, வர ஒரு பதிவு என்று பிரித்து எடுப்பது இதனால்தான் நல்லது. விலையில் பெரிய வித்தியாசம் வராது.

இனி நேரக் கணக்கு. எல்லோரும் தரையிறங்கும் நேரத்திலிருந்து அடுத்தது புறப்படும் நேரம் வரை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது பெட்டி போடும் கவுண்டர் மூடும் நேரம் வரை. உள்நாட்டு விமானங்களுக்கு அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பு. ஆக, மூன்று மணி நேர இடைவெளியில் உங்கள் கைக்கு வருவது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஆக வேண்டியதைப் பாருங்கள். விமானம் நின்று, கதவு திறந்து, பின்வரிசைக்காரர் வெளியே வர 20 நிமிடம். இமிக்ரேஷனில் நல்ல நாளில் அரை மணி, கூட்டமான நாளில் ஒன்றரை மணி. பகலில் போய்ப் பார்த்து ‘கூட்டமே இல்லையே’ என்று சொல்வார்கள். சென்னைக்கு வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வந்து குவிகின்றன. பெட்டி வர அரை மணி முதல் முக்கால் மணி. கஸ்டம்ஸ் ஸ்கேனர் வரிசை 15 நிமிடம். பிறகு வெளியே வந்து உள்நாட்டு முனையத்துக்கு நடக்க 10, 15 நிமிடம், வாசலில் சிஐஎஸ்எஃப் (மத்தியப் பாதுகாப்புப் படை) சோதனை, கவுண்டர் வரிசை 30 நிமிடம். எல்லாம் சுமாராக நடந்தாலே மூன்று மணி நேரம். கவுண்டர் மூடும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்தால் நான்கு. விமானமே ஒரு மணி நேரம் தாமதம் என்றால் ஐந்து. பெட்டியோடு தனி டிக்கெட்டில் வருகிறவர் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக விடக் கூடாது என்பது இதனால்தான். வயதானவர், கைக்குழந்தை, வீல்சேர் என்றால் ஆறு. கைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வெப் செக்-இன் முடித்துவிட்டு வருகிறவருக்கு மூன்றரையே போதும்.

இமிக்ரேஷனில் நேரம் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டைதாரர்களும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) எஃப்டிஐ-டிடிபி என்ற விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் தானியங்கி கதவு வழியே போய்விடலாம். 2024-இல் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. விண்ணப்பம் ஒப்புதலாக நாள் பிடிக்கும், பயணத்துக்கு முந்தின வாரம் யோசித்துப் பயனில்லை.

ஒரே டிக்கெட்காரர்களும் தடுமாறுகிற இடம் பெட்டி. மதுரை வரை டேக் ஒட்டியிருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் பொதுவான நடைமுறை. ‘நேரே ஊருக்குப் போய்விடும்’ என்று நம்பி வெறுங்கையோடு வெளியே வந்தால், பெட்டி சென்னை பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். புறப்படும் ஊர் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையும் இடிக்கும். அங்கிருந்து 23 கிலோவில் இரண்டு பெட்டி அனுமதித்திருப்பார்கள். தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. மீதி 31 கிலோவுக்குக் கிலோ கணக்கில் காசு. கூடுதல் எடையை இணையத்தில் முன்பே வாங்கினால் கவுண்டர் விலையைவிடக் குறைவு. முக்கியமாக, பணம் கட்ட இன்னொரு வரிசையில் நின்று வர வேண்டியதில்லை. கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும். ஏடிஆர் ரக சிறிய விமானம் என்றால் மேல் அறையில் டிராலி கைப்பை நுழையாது, படிக்கட்டருகே வாங்கிவிடுவார்கள். பவர் பேங்கையும் பாஸ்போர்ட்டையும் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

முனையம் விஷயத்தில் சென்னை பரவாயில்லை. 2023 ஏப்ரலில் திறந்த புதிய இரண்டாம் முனையத்தில் சர்வதேச வருகை. உள்நாட்டுப் புறப்பாடு ஒன்று, நான்கு என இரண்டு முனையங்களில். எந்த நிறுவனம் எதில் என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள், எல்லாம் ஒரே வளாகம்தான். மும்பையில் முதல் முனையமும் இரண்டாவதும் சாலை வழியே தனித்தனி; டாக்ஸி பிடித்து நெரிசலில் போக வேண்டும். டெல்லியிலும் மூன்றிலிருந்து ஒன்றுக்கு அதே கதை, டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் வேறு. பெங்களூரில் சர்வதேசம் இரண்டாம் முனையத்தில், உள்நாட்டு விமானம் ஒன்றிலிருந்து என்றால் ஷட்டில் பேருந்து. இங்கெல்லாம் கூடுதலாக ஒரு மணி நேரம் போடுங்கள்.

ஊரில் இருப்பவர் டிக்கெட் போடும்போது வரும் சிக்கல்கள் தனி ரகம். முதலாவது, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், மச்சான் ‘எஸ். குமார்’ என்று போட்டிருப்பார். முனைய வாசலில் அடையாள அட்டையையும் டிக்கெட்டையும் ஒப்பிடுகிற சிஐஎஸ்எஃப் வீரர் நிறுத்திவிடுவார். பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பி, அதில் உள்ளபடியே போடச் சொல்லுங்கள். இரண்டாவது, கைப்பேசி எண். நேர மாற்றக் குறுஞ்செய்தி டிக்கெட் போட்டவர் எண்ணுக்குத்தான் போகும். உள்நாட்டு நிறுவனங்கள் சில வாரம் முன்பே நேரத்தை இரண்டு மணி, மூன்று மணி நகர்த்துவது சகஜம். மூன்றாவது, தேதி. 15-ஆம் தேதி இரவு 12.40-க்கு இறங்குகிறவருக்கு அது ‘14-ஆம் தேதி ராத்திரி’. அதே நினைப்பில் 14-ஆம் தேதி காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டால், நீங்கள் இறங்குவதற்கு முன்தினமே அது பறந்திருக்கும்.

இடைவழியில் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ தனி டிக்கெட்டுக்கு மாறி நேரே திருச்சிக்கோ கோவைக்கோ வருவதும் நல்ல வழிதான். இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் ஊரிலேயே முடிந்துவிடும். ஆனால் பெட்டி இருந்தால் அங்கே நாட்டுக்குள் நுழைந்துதான் எடுக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர் அந்த நாட்டு விசா விதியைப் பார்க்காமல் இப்படி எடுக்கக் கூடாது. விசா இல்லையென்றால் புறப்படும் இடத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

திரும்பும்போது பணயம் பெரிது, தவறினால் போவது சர்வதேச டிக்கெட். ஊரிலிருந்து சென்னைக்கு நாளுக்குச் சில விமானங்களே. ஒன்று ரத்தானால் அடுத்தது எப்போது என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், கடைசி விமானத்தை நம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், போகி அன்று புகை மூட்டத்திலும் சென்னையில் விமானங்கள் தடுமாறும். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் விமான நிலையத்தையே மூடினார்கள். இந்த நாட்களில் முந்தின நாளே சென்னை வந்துவிடுவது உத்தமம். ரயிலும் மோசமில்லை: வைகை, பல்லவன், திருநெல்வேலி வந்தே பாரத் மூன்றும் தாம்பரத்தில் நிற்கும், அங்கிருந்து புறநகர் ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் ஜிஎஸ்டி சாலைக்கு எதிர்ப்புறம் விமான நிலையம்.

இவ்வளவுக்குப் பிறகும் நேரம் நெருக்கினால், விமானம் தரை தொட்டதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: வரிசையில் நிற்கும் முன்பே ஊர் டிக்கெட்டை அடுத்த விமானத்துக்கு மாற்றுவது. உள்நாட்டு டிக்கெட்டை மாற்றுவதற்கும் ரத்து செய்வதற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு வரைதான் விடும். இமிக்ரேஷன் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுத்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். வெளிநாட்டு எண்ணில் ரோமிங் இல்லையென்றால், ஊரில் இருக்கும் டிக்கெட் போட்டவர் விழித்திருந்து அடுத்த விமானத்துக்கு மாற்றும்படி முன்பே சொல்லி வையுங்கள். தவறியே போனாலும் பயணி சேவைக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களும் வரியும் திரும்பக் கிடைக்கும். கேட்காதவருக்குத் தாமாகத் தருவது அபூர்வம். பிஎன்ஆர் எண்ணோடு எழுதிக் கேளுங்கள்.