கையடக்க மில்க் ஃப்ராதர்: டெசர்ட் ஐஸ் காபிக்குப் போதுமா?

டிரமிசு, கேரமல், சாக்லேட் என்று டெசர்ட் சுவையில் ஐஸ் காபி போட, இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், பாலை நுரைக்கவைக்கும் சின்னக் கருவியான ஃப்ராதர் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இதன் மோட்டார் சின்னது. நீர்க்க இருப்பதை அழகாக நுரைக்கும், கெட்டியானதில் திணறும்.

காபிக்கு மேல் மிதக்கும் க்ரீம் நுரைதான் இதன் பலம். 60 மில்லி விப்பிங் க்ரீம், 30 மில்லி பால், 10 மில்லி சர்க்கரைப் பாகு. மூன்றும் நன்றாகச் சில்லிட்டிருக்க வேண்டும். கொழுப்பு குளிர்ந்து இறுகியிருந்தால்தான் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கும். க்ரீம் வெதுவெதுப்பானால் எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது. சர்க்கரையை அப்படியே போட்டால் குளிரில் கரையாமல் நறநறக்கும், அதனால்தான் பாகு. உயரமான டம்ளரில் ஊற்றி, ஃப்ராதரின் நுனியிலுள்ள கம்பிச் சுருளை முழுக்க அமிழ்த்திய பிறகே பட்டனை அழுத்துங்கள், இல்லாவிட்டால் மேடையெல்லாம் தெறிக்கும். கரண்டியிலிருந்து நாடாபோல வழியும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் திரிதிரியாகும், இன்னும் அடித்தால் வெண்ணெய் பிரியும்.

டிரமிசுவுக்கு ஒரு மேசைக்கரண்டி மஸ்கார்போனேவை (கெட்டியான இத்தாலிய க்ரீம் சீஸ்) நேராகப் போட்டால் சுருள் சிக்கிக்கொள்ளும், கட்டியும் உடையாது. முதலில் முள்கரண்டியால் பாலோடு மசித்துக்கொண்டு, பிறகு க்ரீம் சேர்த்து நுரைக்க வேண்டும். கோகோ தூளும் குளிர்ந்த பாலில் உருண்டை கட்டும். ஒரு தேக்கரண்டி தூளை இரண்டு மேசைக்கரண்டி சூடான காபியில் கலக்கினால் நொடியில் வழவழப்பாகிவிடும். கேரமல் சாஸையும் சூட்டிலேயே கரைத்துவிடுவது நல்லது.

இன்ஸ்டன்ட் காபியைக் கெட்டி நுரையாக அடித்துப் பாலின் மேல் போடும் டால்கோனாவுக்கு இந்த ஃப்ராதரைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. இன்ஸ்டன்ட் காபி, சர்க்கரை, வெந்நீர் சம அளவில் எடுத்தால் ஒரு டம்ளருக்கு அடித்துவிடலாம். இறுக இறுக வேகம் குறையும், மோட்டார் சுடும். நான்கு பேருக்கு என்றால் ஹேண்ட் பீட்டர்தான் சரி.

காபி நீர்த்திருந்தால் எந்த நுரையும் காப்பாற்றாது. இரண்டு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபிக்கு 60 மில்லி வெந்நீர் போதும். ஆறவைத்துத்தான் ஐஸில் ஊற்ற வேண்டும்.

வாங்கும்போது சார்ஜ் செய்யும் வகையையும் பாருங்கள். ஏஏ பேட்டரி தீரத்தீரச் சுழற்சி மந்தமாகி நுரை மெலியும். வேலை முடிந்த கையோடு, சோப்புத் துளி விட்ட வெதுவெதுப்பான நீரில் சுருளை மட்டும் பத்து நொடி ஓடவிட்டால் சுத்தம். கைப்பிடியில் தண்ணீர் படக் கூடாது. குழாயடியில் அப்படியே காட்டுவதால்தான் பல ஃப்ராதர்களின் மோட்டார் சீக்கிரமே துருப்பிடித்துப் போகிறது.