உவர்த் தண்ணீர் வீட்டில் சூரிய வடிகலன்: சில வருட அனுபவம்

காரைக்குடிக்குச் சம்பை ஊற்று என்ற நன்னீர் ஊற்று இருக்கிறது. தேவகோட்டை தாண்டித் தொண்டிப் பக்கம் போகப் போக நிலத்தடி நீர் உவர்ப்பு. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் லிட்டருக்கு 3000 மில்லிகிராமுக்கு மேல் உப்பு. வேறு வழியே இல்லாத ஊரிலும் 2000 வரைதான் குடிக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை.

அதனால் மொட்டை மாடியில் இரண்டு சூரிய வடிகலன்கள் வைத்தோம்; உப்புத் தண்ணீரை வெயிலில் ஆவியாக்கி நல்ல நீராக வடிக்கும் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர். அடியில் கறுப்புத் தட்டு, மேலே தெற்குப் பார்த்துச் சாய்ந்த கண்ணாடி. ஆவி கண்ணாடியின் உட்புறம் படிந்து, வழிந்து, கீழ்க் குழாயில் சேரும். மோட்டாரும் இல்லை, கரண்டும் வேண்டாம்.

சித்திரை வெயிலில் இரண்டும் சேர்ந்து ஆறு லிட்டர் தரும். கார்த்திகை மழையில் அதில் பாதிகூட வராது. ஒரு லிட்டரை ஆவியாக்க 0.63 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், கிலோவாட் மணி) வெப்பம் தேவை. நம் பக்கம் ஒரு சதுர மீட்டரில் நாளைக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேல் வெயில் விழுகிறது. கணக்குக்கு 8 லிட்டர் வர வேண்டும். பாதிக்கு மேல் வெப்பம் வீணாகிவிடுவதால் 3 கிடைத்தாலே நல்ல பெட்டி. குடிக்கவும் உலை வைக்கவும் எங்களுக்குப் போதும். குளிக்க, துவைக்க இதை நம்ப முடியாது.

பராமரிப்புதான் முக்கியம். தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்குமேல் நிரப்பக் கூடாது. ஆழம் கூடினால் சூடேறத் தாமதமாகும். தினமும் காலையில் பழைய உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். விட்டால் தட்டில் வெள்ளைப் படிவு கட்டி, கறுப்பு மறைந்து, வெயில் திரும்பிப் போய்விடும். புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போகிறது. ஓரத்து சிலிகான் வெயிலில் வெடித்தால் உடனே அடைக்க வேண்டும், ஆவி அந்த வழியாகப் போய்விடும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் வாங்காதீர்கள். அதில் நீர் படலமாகப் படராமல் முத்து முத்தாக நின்று திரும்பத் தட்டிலேயே சொட்டும்.

வடித்த நீர் சப்பென்றிருக்கும். ஆச்சி கொஞ்சம் ஊருணித் தண்ணீர் காய்ச்சிக் கலந்துதான் குடிப்பார்கள். இப்போது எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

ஊருக்கே வேண்டுமென்றால் இது சரிவராது, சோலார் பேனலில் ஓடும் ஆர்ஓ நிலையம்தான் பொருத்தம். அதில் ஆயிரம் லிட்டருக்கு ஓரிரு யூனிட் போதும். ஆனால் கழிவாக வரும் உப்பு நீரும் ஏராளம். அதை ஊருணிக்கோ கண்மாய்க்கோ விடாமல் தனிக் குட்டை வெட்டி, அடியில் தார்ப்பாய் விரித்து, வெயிலில் வற்றவிட வேண்டும். இடத்தையும் செலவையும் இதற்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்.