சொதியை வைத்து அளந்த கடைகள்: வெள்ளவத்தையிலும் அதைச் சுற்றியும்

கொழும்பின் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடை எப்படி என்று யாராவது என்னிடம் விசாரித்தால், அங்கே நண்டுக்கறி எப்படி, ஆட்டிறைச்சி எப்படி என்று நான் தொடங்குவதில்லை. இடியப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் குழம்பான சொதி எப்படி என்றுதான் சொல்லத் தொடங்குவேன். நண்டுக்கும் இறைச்சிக்கும் பட்டியலில் விலை போட்டிருக்கும், ஆகவே அவற்றை ஓரளவு கவனமாகச் சமைக்காத கடை நீடிக்காது. சொதிக்கு விலை இல்லை. இடியப்பத்தோடும் பிட்டோடும் அது சும்மா வருகிறது. கேட்டால் மறுபடியும் ஊற்றுகிறார்கள். காசு வாங்காமல் கொடுக்கும் ஒன்றை ஒரு சமையல்காரர் எவ்வளவு அக்கறையோடு வைக்கிறார் என்று பார்த்தால், அந்தக் கடை அயலில் குடியிருப்பவர்களை நம்பி நடக்கிறதா, ஒருமுறை வந்து போகிறவர்களை நம்பி நடக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் எனக்கு 1996இல் ஏற்பட்டது. 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்நாட்களில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓடும் ஒழுங்கைகளில் இருந்த லொட்ஜுகள் எல்லாம் எங்களைப் போன்றவர்களால் நிரம்பியிருந்தன. வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடியவர்கள், பிள்ளையை வைத்தியசாலையில் காட்ட வந்தவர்கள் என்று ஒரு அறையில் நாலைந்து பேர் இருப்போம். அறையில் அடுப்பு வைக்க முடியாது. மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். கையில் காசு குறைவாக இருந்த இரவுகளில் ஐந்து இடியப்பமும் சொதியும் சம்பலும் மட்டும் வாங்கி, கறி வாங்காமல் எழும்பிப் போன எங்களை முகம் சுளிக்காமல் பார்த்த கடைகளும் இருந்தன, சுளித்த கடைகளும் இருந்தன. முதல் வகைக் கடைகளில் சில இன்றைக்கும் நடக்கின்றன. நான் இன்றைக்கும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

அவற்றில் ஒன்று, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் நடுப்பகுதியில் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை; நாலு மேசையும் பதினாறு கதிரையும் உள்ள இடத்தில், இப்போது வருகிறவர்களுக்கே ஆறு மணிக்குப் பிறகு இடம் போதாது என்பது அவருடைய நியாயமான கவலை. பெயர்ப்பலகையின் எழுத்துகளைக் கடற்காற்று பாதி தின்றுவிட்டது. வாசலில் இடதுபக்கம் கண்ணாடி அலுமாரி. மேல்தட்டில் வடையும் ரோல்ஸும், கீழ்த்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இடியப்பத் தட்டுகள். வலதுபக்கம் காசு மேசை. அதற்குப் பின்னால், சமையலறைக்குப் போகும் வழியில், ஒரு சிறிய ஸ்டூலின் மேல் சொதி வாளி இருக்கும். மூடி போட்டு, மூடியின் விளிம்பில் அகப்பைக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வாளியைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். பரிமாறுகிற தம்பி ஒவ்வொரு முறையும் அகப்பையை அடிவரை விட்டு ஒரு சுற்றுத் துழாவிய பிறகுதான் அள்ளுவார். அப்படிச் செய்யாவிட்டால் மேலே நிற்கும் பால் முதலில் வந்தவருக்கும், அடியில் தங்கும் வெங்காயமும் வெந்தயமும் கடைசியில் வந்தவருக்கும் போய்விடும். கோப்பையில் ஊற்றும்போது நிறம் வெள்ளையாகவும் இருக்காது, மஞ்சளாகவும் இருக்காது. தாழம்பூ மடலின் உட்பக்கத்து வெளிர் நிறம் என்று சொல்லலாம். வகுந்த பச்சை மிளகாய் இரண்டு மிதக்கும். சிவப்பரிசி மா இடியப்பத்தின் மேல் ஊற்றினால் உடனே வழிந்து ஓடாமல், இழைகளுக்குள் மெதுவாக இறங்கி, ஒரு நிமிடத்தில் இடியப்பம் முழுவதும் ஊறிப்போகும். அதற்காகவே நான் கறியைத் தொடாமல் அந்த ஒரு நிமிடம் காத்திருப்பேன். “ஐயா, இன்னும் கொஞ்சம் விடட்டோ?” என்று அந்தத் தம்பி கேட்பது என் கோப்பையின் பாதி காலியாவதற்கு முன்பே நடந்துவிடும்.

நல்ல சொதி எளிய பொருட்களால் ஆனது, ஆனால் எளிதில் கெட்டுப்போவது. தேங்காய்ப்பூவைப் பிழிந்து எடுத்த இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் எல்லாம் போட்டு அவியவிட வேண்டும். அவை வெந்த பிறகுதான் முதற்பாலை விட வேண்டும். விட்ட நேரத்திலிருந்து அகப்பையை எடுக்காமல் துழாவிக்கொண்டே இருந்து, கொதி எழும்பி வரும்போது இறக்கிவிட வேண்டும். கவனம் பிசகிப் பொங்கவிட்டால் பால் திரைந்து, எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். தேசிக்காய்ப்புளியைச் சூடு கொஞ்சம் ஆறிய பிறகே விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைவது மட்டுமல்ல, கைப்பும் ஏறிவிடும். வீட்டில் ஆறு பேருக்கு இதைச் சரியாகச் செய்வதே ஒரு வேலை. ஒரு வாளி நிறையச் செய்து, மாலை ஐந்தரையிலிருந்து எட்டு மணிவரை திரையாமல் வைத்திருப்பது கைதேர்ந்தவருக்கே வரும். இந்தக் கடையில் ஒரே வாளியை எட்டு மணிவரை இழுப்பதில்லை. ஏழு மணியளவில் இரண்டாவது சட்டி இறங்கும். அதுதான் இரகசியம் என்று நான் நினைக்கிறேன்.

தேங்காய் விலை ஏறிய காலத்தில்தான் கடைகளின் சுயரூபம் தெரிந்தது. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பல இடங்களில் சொதி தண்ணீராகிவிட்டது. சில கடைகள் பால் மாவுக்கு மாறின. அந்தச் சொதியில் ஓர் இனிப்பும் நாக்கில் ஒட்டும் ஒரு பிசுக்கும் இருக்கும், ஆறினால் மேலே ஆடை படரும். வேறு சில கடைகள் சொதிக்குத் தனியாகக் காசு வாங்கத் தொடங்கின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களும் கடையைக் காப்பாற்றத்தானே பார்த்தார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கைக் கடையில் இடியப்பத்தின் விலையை ஏற்றினார்கள், சொதியில் கை வைக்கவில்லை. “அண்ணை, சொதியைக் குறைச்சால் சனம் இடியப்பத்தை என்னத்தோட சாப்பிடுறது?” என்று முதலாளி என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மகளின் பிறந்தநாளுக்காக, காலி வீதியில் குளிரூட்டி பூட்டிய, வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குக் குடும்பமாகப் போனோம். அழகான பீங்கான், மடித்த துடைதாள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிண்ணத்தில் சொதி. சொதி திரைந்திருந்தது. நான் சொன்னபோது, பரிமாறியவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கலக்கிச் சூடாக்கிய அதே சொதியைக் கொண்டுவந்து வைத்தார். சேவைக் கட்டணம் பத்து வீதத்தையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அன்று எனக்கு வந்தது கோபத்தைவிட வருத்தம்தான். என் பிள்ளைகள் அதையே சொதி என்று நினைத்துக்கொள்ளக் கூடாதே என்ற வருத்தம். அடுத்த நாள் மாலை அவர்களை ஒழுங்கைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மற்றவை எப்படி என்றால்: பிட்டு நல்லது, உதிர்ந்து வரும், தேங்காய்ப்பூ கஞ்சத்தனமில்லாமல் இருக்கும். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு மிக நல்லது. மீன் குழம்பு அன்றைய மீனைப் பொறுத்தது. சம்பலில் சில நாட்களில் உப்புக் கூடிவிடும், சொன்னால் வேறு கொண்டுவருவார்கள். தோசையை அங்கே சாப்பிட வேண்டாம். அவர்களுக்குக் கை வராத பண்டம் அது. மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் காசு மேசைக்கு மேலே. மேசையை முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். வாகனம் நிறுத்த இடமே இல்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து நடந்து இறங்குவதே உத்தமம்.

நண்டும் கூழும் தேவைப்படுகிறவர்களை நான் மரைன் டிரைவ் பக்கம் இருக்கும் யாழ் உணவகத்துக்கு அனுப்புவேன். கொழும்பில் ஒடியற் கூழ் குடிக்க முடிகிற இடங்கள் குறைவு. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை ஊறவைத்துக் கைப்பை எடுத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் சேர்த்து, செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து விட்டுக் காய்ச்சுகிற கூழை ஒரு வீட்டில் இரண்டு பேருக்காகச் செய்ய முடியாது. ஊர் கூடினால்தான் கூழ். நகரத்துத் தொடர்மாடி வீடுகளில் ஊர் கூடுவதில்லை என்பதால், ஒரு கடை அதைச் செய்து தருவதை நான் பெரிய உதவியாகவே கருதுகிறேன். பனையோலையில் மடித்த பிளாவில் குடிக்கிற சுகம் கிண்ணத்தில் வராதுதான், என்றாலும் முதல் வாயிலேயே மூக்கில் ஏறுகிற அந்த உறைப்பு ஊரில் இருந்ததேதான்.

சொதியை விட்டுச் சாம்பாருக்கு வந்தால், நகரத்தின் வேறொரு பகுதிக்குப் போக வேண்டியிருக்கும். தெற்கே வெள்ளவத்தை சொதியின் ஊர் என்றால், வடக்கே செட்டியார் தெருவும் ஜிந்துப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் சாம்பாரின் ஊர். இதற்குக் காரணம் மக்கள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவர்களும் பின்னர் இடம்பெயர்ந்து வந்தவர்களும் வெள்ளவத்தையில் தங்கினார்கள். இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்காக வந்தவர்களின் வழியினரும், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களும் வடகொழும்பில் வேர்விட்டார்கள். செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களுக்கும் நகைக்கடைகளுக்கும் இடையில் இருக்கும் சைவக்கடைகளில் காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டுப் பாருங்கள். நகைப் பட்டறைத் தொழிலாளர்களும் கோயிலுக்கு வந்தவர்களும் ஒரே வாங்கில் இருப்பார்கள். சாம்பார் வாளி ஒவ்வொரு இலைக்கும் தானாக வந்து நிற்கும். அந்த வாளியைத் தூக்கிவருகிறவர் பெரும்பாலும் மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தம்பியாகத்தான் இருப்பார்.

இரண்டுக்கும் நடுவில் பம்பலப்பிட்டி. ஷ்ரபரி கார்டனில் உள்ள கிறீன்லண்ட்ஸ் பழைய வீடு ஒன்றுக்குள் நடக்கும் சைவ உணவகம். காலி வீதியின் இரைச்சலிலிருந்து சில அடி உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திப் பேசத் தோன்றுகிற இடம். உழுந்து வடைக்காகவும் மசாலா தோசைக்காகவும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காலி வீதியிலேயே இருக்கும் சரஸ்வதி லொட்ஜ் அவசரக்காரர்களுக்கு உரியது. வடைத் தட்டு மேசைக்கு வரும், எடுத்ததற்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்ற நம் சைவக்கடைகளின் பழைய வழக்கத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. எத்தனை எடுத்தீர்கள் என்பதை உங்கள் வாய்ச்சொல்லாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். இரவு வெகுநேரம் கழித்துப் பசித்தால் கொள்ளுப்பிட்டியில் ஹோட்டல் டி பிலாவூஸ் இருக்கிறது. கொத்துரொட்டிக்கு நகரம் முழுவதும் அங்கே போகிறது என்பதால், அதைப் பற்றி நான் மேலதிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடியும் ஒழுங்கைக் கடைக்கு வருகிறேன், ஏனென்றால் 2022ஐச் சொல்லாமல் விட முடியாது. எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் நகரமே வரிசையில் நின்ற அந்த மாதங்களில் எத்தனையோ கடைகள் பூட்டப்பட்டன. இவர்கள் பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினார்கள். காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மாலையில் மட்டும், இடியப்பமும் சொதியும் சம்பலும் மட்டும் என்று நடத்தினார்கள். மின்வெட்டு நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் சாப்பிட்டிருக்கிறோம். சொதியில் புகை மணம் இருந்தது. அம்மாவின் அடுப்படிக்குப் பிறகு அந்த மணத்தை நான் அங்கேதான் உணர்ந்தேன், சாப்பிட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமைகளில் சைவம் மட்டும். ஞாயிறு மாலை பூட்டு. பார்சல் கட்டுவார்கள், சொதியைச் சிறிய பையில் தனியாக முடிந்து தருவார்கள், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் அதைக் கொதிக்கவிட வேண்டாம், இளஞ்சூடு போதும். ஏழரைக்கு முன்பு போய்விடுங்கள். இரண்டாவது வாளியும் முடிந்துவிட்டால், கண்ணாடி அலுமாரியில் இடியப்பம் மிச்சம் இருந்தாலும் வாசல் பலகையைத் திருப்பிவிடுவார்கள்.