சியோலில் எந்த அரண்மனை? என் ஓட்டு சாங்தொக்குங்குக்கே

சியோலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே கியோங்பொக்குங் அரண்மனைக்குப் போகிறார்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையில் அரை நாள்தான் இருக்கிறதென்றால், கிழக்கே சற்றுத் தள்ளியுள்ள சாங்தொக்குங்கைத் தேர்ந்தெடுங்கள்.

பிரம்மாண்டம் வேண்டுமென்றால் கியோங்பொக்குங்தான். பின்னணியில் புகாக்சான் மலை, முன்னால் குவாங்வாமுன் வாயில், அங்கே நடக்கும் காவலர் மாற்றம், எல்லாம் கண்ணை நிறைக்கும். தரை சமதளம்; மெட்ரோ நிலையமும் பக்கத்திலேயே. கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் அணிந்து வந்தால் இரண்டிலும் கட்டணமில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: இப்போது நிற்பதில் எவ்வளவு பழையது?

கியோங்பொக்குங் 1395-இல் கட்டப்பட்டது. 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, ஏறக்குறைய 270 ஆண்டுகள் பாழாகக் கிடந்தது. 1867-இல் மீண்டும் எழுந்ததில் பெரும்பகுதியை ஜப்பானியக் காலனி ஆட்சி இடித்துத் தள்ளியது. அரியணை மண்டபமான குன்ஜோங்ஜோனும் குளத்து நடுவிலுள்ள கியோங்ஹோரு மண்டபமும் தப்பின. நாம் பார்க்கும் மற்றவற்றில் பெரும்பாலானவை 1990-க்குப் பிறகு மீட்டுக் கட்டப்பட்டவை. பறிகொடுத்ததை ஒரு மக்கள் மீட்டெடுப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் தேடிப் போனது பழைய மரத்தை.

1405-இல் உருவான சாங்தொக்குங்கும் அதே போரில் எரிந்தது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திரும்பக் கட்டப்பட்டு, கியோங்பொக்குங் பாழாகக் கிடந்த காலமெல்லாம் கொரியாவின் ஜோசொன் வம்ச அரசர்கள் ஆண்டது இங்கிருந்துதான். 1917-இல் உள் மாளிகைகள் தீக்கிரையானபோது, அவற்றைக் கட்ட கியோங்பொக்குங்கின் அரசர், அரசி மாளிகைகளைப் பிரித்து மரம் கொண்டுவந்தார்கள். ஆகவே கியோங்பொக்குங்கில் இன்று நிற்கும் அரசர் மாளிகை புதியது. அதன் பழைய மரம் சாங்தொக்குங்கின் ஹுய்ஜோங்தாங் மாளிகையில் இருக்கிறது. அந்த மாளிகையின் முகப்பில் மோட்டார் கார் வந்து நிற்க ஒரு போர்ட்டிகோவும் உண்டு. கூரையோ பழைய பாணி, வாசலோ காருக்கு! ஒரு வம்சத்தின் கடைசிக் காலம் அந்த வாசலிலேயே தெரிகிறது.

பின்புறத் தோட்டமான ஹுவோனை விட்டுவிடாதீர்கள். சதுரக் குளம், நடுவில் வட்டத் தீவு, கரையில் இரண்டு கல்தூண்களைத் தண்ணீரில் ஊன்றி நிற்கும் புயோங்ஜோங் மண்டபம். எதிர்மேட்டில், ஜோங்ஜோ அரசர் 1776-இல் எழுப்பிய ஜுஹாம்னு. அரச நூலகம் அங்கேதான் இருந்தது. நிலத்தைச் சமன்செய்யாமல் சரிவுக்கேற்பக் கட்டிடங்களை வைத்திருக்கிறார்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடிக்க இந்த இசைவும் ஒரு காரணம்.

நான் கோடையில் மட்டுமே பார்த்தேன். இலையுதிர்காலமே உச்சம் என்கிறார்கள். கியோங்பொக்குங்கின் இரவு அனுமதிக்கும் நான் போனதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஹுவோனின் ஏற்ற இறக்கம் சிரமம் தரும். அவர்களுக்குக் கியோங்பொக்குங்கே சௌகரியம்.

ஹுவோனுக்குத் தனி டிக்கெட், நேரம் குறித்த அனுமதி, முன்பதிவு செய்துவிடுங்கள். சாங்தொக்குங்குக்குத் திங்களும் கியோங்பொக்குங்குக்குச் செவ்வாயும் விடுமுறை.