குட்டை வீல்பேஸா, நீள வீல்பேஸா? துறைமுக ஓட்டத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மணலி, மாதவரம் பக்கம் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் புது ஹெட் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) எடுக்கப் போனால் ஹெச்.பி., மைலேஜ், மாதத் தவணை, இந்த மூன்றைத்தான் விசாரிக்கிறார்கள். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. ஆனால் டிரைவரின் தோளையும் இடுப்பையும் தினமும் சோதிப்பது அந்த அளவுதான்.

எங்களிடம் இரண்டு வகையும் பல வருஷமாக ஓடுகின்றன. ஒன்று சிங்கிள் ஹவுசிங் (பின்னால் ஒரே ஆக்சில்), ஆறு சக்கரம், வீல்பேஸ் சுமார் 3.2 மீட்டர். இன்னொன்று டபுள் ஹவுசிங் (பின்னால் இரண்டு ஆக்சில்), பத்து சக்கரம், 4 மீட்டரை ஒட்டி வரும். சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி, அங்கிருந்து கன்டெய்னர்களை வைத்து எடுக்கும் சி.எஃப்.எஸ். யார்டு, குடோன் என்று இரண்டுமே ஒரே பாதையில் ஓடியவை. அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

முதலில் திருப்பம். முன்சக்கரம் 40 டிகிரி ஒடியும் என்று வைத்துக்கொண்டால், 3.2 மீட்டர் ஹெட் திரும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் 5 மீட்டர். 4 மீட்டர் ஹெட்டுக்கு 6.2 மீட்டர். இந்த ஒரு மீட்டர் சொச்சம் நெடுஞ்சாலையில் கணக்கிலேயே வராது. சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குள் எதிரில் ஒரு லாரி கம்பி இறக்கிக்கொண்டு நிற்கும்போது, ஒரே ஒடியில் உள்ளே போவதா, இரண்டு முறை முன்னே பின்னே எடுப்பதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இங்கே பலரும் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஹெட் குட்டையாக இருந்தால் டிரெய்லரின் பின்பக்கம் உள்ளே வெட்டாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பின்சக்கரம் உள்ளே வெட்டுவது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நாற்பதடி டிரெய்லரில் கிங் பின்னிலிருந்து (ஹெட்டோடு டிரெய்லரை மாட்டும் முளை) பின் ஆக்சில் வரை 8 மீட்டர் என்று கொண்டால் அதன் வர்க்கம் 64. ஹெட்டின் பங்கு 3.2-க்குப் பத்து, 4-க்குப் பதினாறு. ஆகமொத்தம் 74, இல்லை 80. வித்தியாசம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூலைக்கடையின் கூரை மேல் பாக்ஸ் (கன்டெய்னர்) உரசுவதும் பிளாட்பாரத்தில் டயர் ஏறுவதும் பெரும்பாலும் டிரெய்லரின் வேலை. அதற்குக் குட்டை ஹெட் மருந்தில்லை. திருப்பத்தை அகலமாக எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குட்டையின் உண்மையான லாபம் ரிவர்ஸில் தெரிகிறது. கொடுங்கையூர், மாதவரம் குடோன்களில் முன்னால் இருக்கும் ரோட்டின் அகலத்துக்குள்ளேயே ஹெட்டை ஒடித்து, டிரெய்லருக்குக் கோணம் கொடுக்க வேண்டும். குட்டை ஹெட் சட்டென்று கோணம் பிடிக்கும், சட்டென்று நேராகவும் வரும். எங்கள் டிரைவர் சொல்வார்: "அண்ணே, இது சொன்ன பேச்சக் கேக்குது. பெருசு யோசிச்சுட்டு கேக்குது." புதுப் பையன்கள் கையில் கொடுத்தால் மட்டும் கவனம் வேண்டும். அதே வேகத்தில் டிரெய்லரோடு மடிந்தும் போகும்.

டபுள் ஹவுசிங்கில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. பின்னால் இரண்டு ஆக்சிலும் திரும்பாதவை. முழு ஒடியில் வைத்தால் டயர்கள் உருளுவதோடு பக்கவாட்டில் தேயவும் செய்கின்றன. யார்டின் சிமென்ட் தரையில் வளைந்து வளைந்து கறுப்புத் தீற்றல்கள் கிடக்கின்றனவே, அவற்றைக் குனிந்து தொட்டுப் பாருங்கள், ரப்பர்த் துகள் விரலில் ஒட்டும். அது முதலாளி காசு. நாள் முழுக்க யார்டுக்குள் திரும்புகிற வண்டியில் ஹவுசிங் டயர் சீக்கிரம் மொட்டையாவது இதனால்தான்.

ஆனால் ஓட்ட சுகம் என்று வந்தால் நீள வண்டிக்குத்தான் என் ஓட்டு. வீல்பேஸ் குறைந்தால் முன்னச்சு ஏறுவதும் பின்னச்சு இறங்குவதும் அடுத்தடுத்து வந்து கேபின் முன்னும் பின்னும் ஆடும். டிரைவர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் அத்தனையும் முதுகெலும்புக்குப் போகிறது. டிரெய்லர் இல்லாமல் வெறும் ஹெட்டை எர்ணாவூர் பக்கம் ஓட்டிப் பார்த்தால் புரியும். பதினோரு டன் தாங்கச் செய்த ஸ்பிரிங் பட்டை, மேலே எடை இல்லாததால் மடங்கவே மடங்காது. ஒவ்வொரு பள்ளமும் அடியாக விழும். லோடு ஏறினால் பாதி அடங்கும். நீள வண்டி அதே பள்ளத்தில் இறங்கி ஏறும், குதிக்காது. பெங்களூர் ரோட்டில் ஸ்டீரிங்கும் ஆடாமல் நிற்கிறது. ஓசூர் போய் இறங்கும்போது டிரைவர் முகத்திலேயே அது தெரியும்.

எடைக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 2018-இல் அரசு அனுமதிக்கும் ஆக்சில் எடை உயர்ந்தபின் சிங்கிள் ஹவுசிங்கும் மூன்று ஆக்சில் டிரெய்லரும் சேர்ந்தால் லோடோடு மொத்தம் 45.5 டன், டபுள் ஹவுசிங்கோடு 55 டன். வண்டியின் சொந்த எடை சுமார் 13, 14 டன் போக, முழு எடையில் 30.48 டன் வருகிற ஒரு இருபதடி பாக்ஸ் சிங்கிள் ஹவுசிங்கிலேயே அடங்கும். லோடான இருபதடி பாக்ஸ் இரண்டை ஒரே டிரெய்லரில் ஏற்றுவதுதான் உங்கள் தொழில் என்றால் டபுள் ஹவுசிங்குக்கு மாற்று இல்லை. வீல்பேஸ் தானாக நீண்டுவிடும்.

அது இல்லாமல், துறைமுகம், யார்டு, குடோன் என்று வடசென்னைக்குள்ளேயே சுற்றுகிற வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு குட்டை எடுங்கள். மிச்சமாகும் காசில் ஏர் சீட் போடுங்கள். எண்ணூர் விரைவுச்சாலை வரிசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆடம்பரம் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாகியிருக்கிறது, சீட்டையும் கேபின் சஸ்பென்ஷனையும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மாதத்தில் பாதி ஓசூர், பெங்களூர் என்றால் நீளம் எடுங்கள், யார்டில் படும் பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குட்டை எடுப்பவர்கள் ஃபிப்த் வீல் (கிங் பின் மாட்டும், ஹெட்டின் மேலுள்ள தட்டு) எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முன்னால் தள்ளினால் முன்னச்சில் எடை ஏறி ஸ்டீரிங் கனக்கும், கேபின் முதுகுக்கும் பாக்ஸுக்கும் இடைவெளி குறையும். பின்னால் தள்ளினால் முன்பக்கம் லேசாகி மழையில் சறுக்கும். கிங் பின்னிலிருந்து பாக்ஸின் முன்மூலைக்கு ஒன்றரை மீட்டர் போல வரும். திரும்பும்போது அந்த மூலை சுற்றுவதற்கு இடம் வேண்டும். உங்கள் சொந்த டிரெய்லரை மாட்டி, ஆள் நடக்கும் வேகத்தில் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கிப் போய் மூலைக்கும் கேபினுக்கும் நடுவே எவ்வளவு இடம், பின்டயருக்கும் டிரெய்லரின் சப்போர்ட் காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று டேப் வைத்து அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.